தேய்ந்த மூட்டுக்கு ஒரு கிண்ணம்

இங்கிலாந்தின் வடபகுதியில் மான்செஸ்டர் மாநகரை அடுத்துப் பரி என்னும் ஊர் உள்ளது. பருத்தி ஆலைகளால் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே மருந்துக்கடை நடத்திவந்த ஒருவருக்கும் செவிலியர் பயிற்சி பெற்ற அன்னைக்கும் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ஜான் சார்ன்லி பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, தம் 25ஆம் வயதில், அறுவை மருத்துவர்க்குரிய உயர் தகுதியையும் அடைந்தார்.

1940இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டானியப் படைகள் மீட்கப்பட்ட நெருக்கடியில் பணியாற்றினார். பின்னர் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். கெய்ரோவில் படைப் பட்டறைப் பொறியாளர்களோடு கூடி, காயமுற்ற வீரர்களுக்கு வேண்டிய கருவிகளை வடிவமைத்தார். இரும்பையும் திருகாணியையும் அளவுகோலையும் கையாளும் பழக்கம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது. பிற்காலத்தில் வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்து, மூட்டுக்குரிய உறுப்புகளைத் தாமே கடைந்து பார்த்தார். மருத்துவருக்குக் கடைசல் வேலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அவர் பின்னாளில் செய்த பெருஞ்செயலின் பாதி அந்த இயந்திரத்தில்தான் பிறந்தது.

போர் முடிந்தபின் எலும்பு மருத்துவத்தையே தம் துறையாகக் கொண்டார். எலும்பொட்டு எவ்வாறு உயிர்பெற்று வளர்கிறது என்பதை அறிய விரும்பிய அவர், 1946இல் தம் கால் எலும்பிலேயே அச்சோதனையைச் செய்யுமாறு உடன் பணிபுரிந்த மருத்துவரை வேண்டினார். புண்ணில் கிருமி தொற்றி எலும்பு சீழ் பிடித்தது. மறுபடியும் அறுவை செய்ய நேர்ந்தது. இச்செயலைத் துணிவு என்று புகழ்வோரும் உண்டு, அறியாமை என்பாரும் உண்டு. கிருமி தொற்றிய எலும்பின் துன்பம் எத்தகையது என்பதை அவர் தம் உடம்பிலேயே அறிந்துகொண்டார் என்பது மட்டும் உறுதி.

அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த இடுப்பு மூட்டைப் பற்றி இங்கே சிறிது அறிதல் வேண்டும். தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டிருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழலும். ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் ஆட்டுக்கல்லில் கல்லோடு கல் உரசுகிறது; மூட்டிலோ பந்தின் மீதும் கிண்ணத்தின் உட்புறத்திலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. பனிக்கட்டியின் மேல் வழுக்குவதைக் காட்டிலும் எளிதாக அது வழுக்கும். குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். இரவிலும் வலி உறங்க விடாது. காலணி அணிவதும் படியேறுவதும் அரிதாகும். பங்காருபாளையம் மாங்காய்ச் சந்தையில் இளமை முழுதும் கூடை தூக்கிய முதியவர் சிலர் சாய்ந்து சாய்ந்து நடப்பதை நாம் காண்கிறோம். அவர்களுள் சிலருக்கு முழங்காலிலும் சிலருக்கு இடுப்பிலும் நேர்ந்திருப்பது இத்தேய்மானமே.

இதற்கு மாற்று தேடியவர்களுள் சார்ன்லி முதல்வர் அல்லர். பாரிசு நகரத்து ஜூடே சகோதரர்கள், தேய்ந்த பந்தை நீக்கிவிட்டு அக்ரிலிக் என்னும் பொருளால் ஆன பந்தை 1946 முதல் பொருத்திவந்தனர். அத்தகைய பந்து பொருத்தப்பட்ட ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் அசையும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சிட்டது. அந்த ஓசையைத் தாங்க மாட்டாமல் அவர் மனைவி அவரோடு ஒரே அறையில் இருக்கவும் தயங்கினார். கேட்போர்க்கு நகைப்பைத் தரும் செய்திதான். சார்ன்லியோ அதில் ஓர் உண்மையைக் கண்டார். ஓசை எழுவது உராய்வினால். உராய்வு மிகுந்தால் பொருத்திய உறுப்பு நாளடைவில் எலும்பிலிருந்து தளர்ந்துவிடும். எனவே உராய்வைக் குறைப்பதே முதல் வேலை என்று முடிவு செய்தார்.

விகன் நகரை அடுத்த ரைட்டிங்டன் மருத்துவமனை அவருக்குக் களமாயிற்று. அது முன்பு காசநோயாளிகளுக்காக நடந்த மருத்துவமனை. மான்செஸ்டரில் இருந்த செல்வாக்கான பணியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இடுப்பு மூட்டு ஒன்றுக்காகவே அங்கே தனி மையம் அமைத்தார்; சோதனைக்கூடமும் பட்டறையும் அதனோடு சேர்ந்தன.

அவர் வகுத்த முறையில் மூன்று கூறுகள் இருந்தன. தொடை எலும்பினுள் செருகப்படும் தண்டும் அதன் முனையில் உள்ள பந்தும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. பந்து ஏந்தும் கிண்ணம், வழுக்கும் தன்மைக்குப் பெயர்பெற்ற டெஃப்லானால் ஆனது. இரண்டையும் எலும்போடு நிலைபெறச் செய்தது, பல் மருத்துவர்கள் கையாண்ட ஒருவகைச் செயற்கைச் சாந்து. மான்செஸ்டர் பல் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டென்னிஸ் ஸ்மித் அதனைப் பரிந்துரைத்தார். சாந்து பசைபோல் ஒட்டுவதில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கொத்தனார் இடும் கலவைபோல் இடைவெளியை நிரப்பிப் பளுவைப் பரப்புகிறது. எஃகுப் பந்தின் விட்டத்தையும் சார்ன்லி படிப்படியாகக் குறைத்து 22 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தார். பந்து சிறிதானால் உராய்வினால் கிண்ணம் திருகப்படுவதும் குறையும். கிண்ணத்தின் சுவரும் தடிப்பாக அமையும்.

வலியோடு வந்தவர்கள் வலியின்றி நடந்து சென்றனர். 1961இல் இச்செய்தி லான்செட் இதழில் வெளிவந்தது. ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஓரிரண்டு ஆண்டுகளிலேயே டெஃப்லான் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையையும் எலும்பையும் கெடுத்தன. ஏறத்தாழ 300 பேர் அம்மூட்டைச் சுமந்துகொண்டிருந்தனர். சார்ன்லி பிழையை மறைக்கவில்லை. பிறர் தலையில் சுமத்தவும் இல்லை. பொருத்திய மூட்டுகளைத் தாமே மீண்டும் திறந்து அகற்றினார். டெஃப்லான் துகள்களைத் தம் தொடையில் ஊசியால் செலுத்திக்கொண்டு, பல மாதங்கள் காத்திருந்து, அங்கே கட்டி எழுந்ததைப் பார்த்து எழுதினார். அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் இந்தத் தோல்வியின் ஆண்டுகளே அவரை நன்கு அறிமுகப்படுத்துகின்றன.

1962இல் விற்பனையாளர் ஒருவர் நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்குரிய புதிய பிளாஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அது உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்தார்; பயன்படாது என்று ஒதுக்கிவிட்டார். பட்டறையில் பணிபுரிந்த ஹாரி கிரேவன் என்னும் தொழில்நுட்பர் அதனை வீசி எறியவில்லை. தலைவர் வெளிநாட்டு மாநாட்டுக்குச் சென்றிருந்த வேளையில் அத்துண்டைத் தேய்மானச் சோதனைப் பொறியில் பொருத்தி இரவும் பகலும் ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்கு, இது மூன்று வாரங்களிலும் தேயவில்லை. திரும்பி வந்த சார்ன்லி தம் கருத்தை அக்கணமே மாற்றிக்கொண்டார். பேர்பெற்ற மருத்துவரின் தீர்ப்புக்கு மாறாகப் பட்டறைத் தொழிலாளர் செய்த சோதனை இது. கிரேவனின் பெயரை மருத்துவ உலகம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அவ்வாண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. ஆயினும் சார்ன்லி அதனை உலகெங்கும் விற்க விடவில்லை. டெஃப்லான் தந்த பாடம் அவர் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. சில ஆண்டுகள் தம் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தார். ரைட்டிங்டனுக்கு வந்து பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கே அம்மூட்டு முதலில் வழங்கப்பட்டது.

கிருமித் தொற்று அவரை வருத்திய மற்றோர் இடர். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேருக்குக் குறையாமல் புண்ணில் சீழ் பிடித்தது. அறுவைக் கூடத்துக் காற்றே காரணமாகலாம் என ஐயுற்ற அவர், காற்றைத் தூய்மைப்படுத்தும் பொறியியலில் வல்லவரான ஹோவர்த்தோடு சேர்ந்து, கூடத்தினுள்ளே கண்ணாடிக் குடில் போன்ற அறை ஒன்றை அமைத்தார். வடிகட்டிய காற்று மட்டுமே அதனுள் பாயும். மருத்துவர்களின் மூச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் உடையையும் உருவாக்கினார். 1970ஆம் ஆண்டளவில் தொற்று நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தது.

இந்தியாவில் மாற்று மூட்டு அறுவையின் முன்னோடிகளுள் மும்பை மருத்துவர் கே. டி. தோலாக்கியா குறிப்பிடத்தக்கவர். இன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு மருத்துவமனையிலும் இவ்வறுவை நடைபெறுகிறது. எனினும் நம் நாட்டவர்க்குத் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. தரையில் சம்மணமிட்டு உண்பதும் குந்தி அமர்வதும் நம் வழக்கம். இடுப்பு ஆழமாக மடங்கினால் மாற்றுப் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். பந்து சிறிதாயின் அந்த அச்சம் மிகுதி. ஆகவே அறுவை செய்துகொண்ட பாட்டிமார் பலர் பாயை விட்டு நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து வாழ்ந்த மக்களுக்காகப் பிறந்த மூட்டு அது.

1974இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது சார்ன்லிக்கு வழங்கப்பட்டது. 1975இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1977இல் சர் பட்டம் பெற்றார். 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் மறைந்தார்.

தம்மிடம் அறுவை செய்துகொண்டவர்களிடம் அவர் ஒரு வேண்டுகோள் வைப்பது வழக்கம். அவர்கள் இறந்தபின் அம்மூட்டை ஆராய்ச்சிக்காகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அது. பலர் மகிழ்வோடு கையெழுத்திட்டனர். அவ்வாறு திரும்பி வந்த மூட்டுகளைக் கொண்டே, சாந்து எலும்போடு எவ்வாறு இயைகிறது, கிண்ணம் ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது என்பவற்றை அவரும் அவருக்குப் பின்வந்தோரும் அளந்தறிந்தனர். இளமையிலேயே அறுவை செய்துகொண்ட சிலர், அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் அதே மூட்டோடு நடமாடிக்கொண்டிருந்தனர்.