இடிதாங்கி கண்ட பிராங்கிளின்

சித்திரை, வைகாசித் திங்கள்களில் மாலை வேளையிற் கருமுகில் திரண்டு, கிருஷ்ணகிரி மலைப்பாறைகள் அதிர இடி முழங்குதலை நம் மாவட்டத்தார் நன்கு அறிவர். இடி கேட்குந்தோறும் அருச்சுனன் பெயரைச் சொல்லும் முதியோர் இன்றும் உளர். ஓசூர் ஆலைகளின் உச்சியை அண்ணாந்து நோக்கின், வானை நோக்கி நிமிர்ந்த கம்பி ஒன்றும், அதனின்று சுவர்வழியே மண்ணுள் இறங்கும் உலோகப் பட்டை ஒன்றும் புலனாகும். அதுவே இடிதாங்கி. அதனை உலகிற்கு அளித்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். அவர் அமைத்த கருவி செம்மையானது. அது பயன்படுவதற்கு அவர் முதலிற் கூறிய காரணமோ பிழையானது.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், வட அமெரிக்காவில் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். மக்கள் பதினெழுவரைப் பெற்றவர். வறுமையால் பெஞ்சமினின் பள்ளிப்படிப்புப் பத்தாம் வயதிலேயே நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். 1723இல் பிலடெல்பியா நகரை அடைந்து, அங்குத் தாமே அச்சகம் நிறுவிப் பொருளீட்டினார். நாற்பத்திரண்டாம் வயதில் தொழிலினின்று விலகி, மின்சார ஆராய்ச்சியில் முழுமனத்துடன் ஈடுபட்டார்.

அக்காலத்து ஐரோப்பியர் இடியைப் பற்றிக் கொண்டிருந்த கருத்துகள் வியப்பிற்குரியன. புயல் எழுந்தவுடன் கோயில் மணிகளை அடிப்பர். மணியோசை காற்றை அதிர்த்து முகிலைப் பிளந்துவிடும் எனக் கற்றோரும் நம்பினர். உயர்ந்த கூண்டு, அதில் உலோக மணி, மழையில் நனைந்த கயிறு, கயிற்றைப் பற்றிய மனிதன்! இடி விழுவதற்கு இதனினும் ஏற்ற வழி வேண்டுமோ? 33 ஆண்டுகளில் 386 மணிக்கூண்டுகள் இடிவீழ்ந்து தாக்குண்டன என்றும், மணியடித்தோர் 103 பேர் மாண்டனர் என்றும் 1784இல் மியூனிக் நகரில் வெளியான நூலொன்று கணக்குரைத்தது.

மின்னலும் மின்சாரமே எனப் பிராங்கிளின் துணிந்தார். 1752ஆம் ஆண்டு மே திங்களில், அவர் கூறிய முறைப்படியே பிரெஞ்சு நாட்டார் நெடிய இரும்புக் கம்பி நாட்டி, முகிலினின்று மின்பொறி பெற்றனர். அச்செய்தி எட்டுமுன் பிராங்கிளினும் பட்டுத்துணியாற் செய்த பட்டமொன்றைப் புயல்முகிலுக்குக் கீழே பறக்கவிட்டு, கயிற்றிற் கட்டிய திறவுகோலினின்று பொறி எழக் கண்டார். பட்டத்தின்மேல் இடி விழுந்தது எனப் பலர் கூறுவது பிழை. விழுந்திருப்பின் அவர் பிழைத்திரார். 1753இல் இத்தகைய ஆராய்ச்சியில் ஈடுபட்ட ரிக்மன் என்னும் அறிஞர் இரசிய நாட்டில் மின்னல் தாக்கி உயிர்நீத்தார். மாணவர் எவரும் இதனைச் செய்து பார்க்க எண்ணுதல் கூடாது.

முகிலுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? கடலில் உப்பும் நீரும் ஒன்றோடொன்று உராய்வதால் தோன்றுகிறது என முதலிற் கருதினார் பிராங்கிளின். இரவில் அலைகள் ஒளிர்வதை அதற்குச் சான்றாகக் கொண்டார். பின்னர்க் கடல்நீரைப் புட்டியில் அடைத்துக் குலுக்கினார். புதுநீர் ஒளிர்ந்தது; சில மணிநேரத்தில் அவ்வொளி மறைந்தது. நன்னீரில் உப்பைக் கரைத்துக் குலுக்கியபொழுது ஒளியே தோன்றவில்லை. உடனே தம் கொள்கையைத் தாமே ஐயுற்றார். ஐயுற்றதை மறையாது நண்பர்க்கும் எழுதினார். அவ்வொளி கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஒளி என்பதை இன்று அறிவோம்.

மற்றொரு பிழை இதனினும் நெடுநாள் நின்றது. மின்னேற்றிய இரும்புக் குண்டின் அருகே கூரிய ஊசியை நீட்டின், பொறி எழாமலே மின்சாரம் வடிந்துவிடும். இதனை மேசைமேற் கண்ட பிராங்கிளின், கூரையில் நாட்டிய கூர்ங்கம்பியும் முகிலின் மின்சாரத்தை ஓசையின்றி உறிஞ்சி இடியையே தடுத்துவிடும் என எண்ணினார். மேசைக்கும் வானத்திற்கும் உள்ள அளவு வேற்றுமையை அவர் அப்போது கருதினாரல்லர். எனினும், தடுக்க இயலாவிடினும் விழும் இடியைக் கம்பி தீங்கின்றி நிலத்திற் சேர்க்கும் என்பதையும் உடன் சேர்த்துரைத்தார். அதுவே உண்மை. கருவியின் அமைப்பைத் தாம் அச்சிட்ட 1753ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் யாவரும் அறிய வெளியிட்டார். அதற்கெனத் தனியுரிமை ஏதும் பெற்றாரல்லர்.

எதிர்ப்புகள் பல எழுந்தன. கம்பி இடியை வலிய அழைக்கும் என்றார் பிரெஞ்சு அறிஞர் நொல்லே. 1755இல் பாஸ்டனில் நிலம் நடுங்கியபொழுது, கம்பிகள் வான்மின்சாரத்தை மண்ணுள் நிரப்பியதே காரணம் எனச் சமயபோதகர் ஒருவர் எழுதினார். ஹார்வர்டு பேராசிரியர் வின்திராப் அதனை மறுத்தார்.

1776 முதல் 1785 வரை பிராங்கிளின் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தார். அக்காலத்தில் நம் கிருஷ்ணகிரிக் கோட்டை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயரை எதிர்த்த ஐதரலியின் பெயரை 1782இல் பென்சில்வேனியத்தார் தம் போர்க்கப்பலொன்றிற்குச் சூட்டினர். அப்பகைமை இடிதாங்கியையும் விட்டபாடில்லை. 1777இல் இங்கிலாந்தின் வெடிமருந்துச் சாலையைச் சார்ந்த கட்டடத்தில் இடி விழுந்து சிறிது சேதம் விளைந்தது. கூர்முனையே குற்றம் எனச் சிலர் வாதிட, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் மாளிகையில் மழுங்கிய முனைகளை நாட்டுவித்தார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மலையுச்சியில் நடந்த சோதனையில் ஓரளவு மழுங்கிய முனைகளே இடியை ஏற்றன, கூர்முனைகள் ஏற்கவில்லை. மன்னர் பக்கத்தார் கூறிய காரணம் பிழையாயினும், அவர் தேர்ந்த முனை தாழ்ந்ததன்று!

பிராங்கிளின் அயல்நாட்டில் இருந்த காலத்தில், பிலடெல்பியாவில் அவர்தம் இல்லத்தின்மேலும் ஒருநாள் இடி விழுந்தது. தீப்பற்றியதோ என அயலார் ஓடிவந்தனர்; வீட்டார் அஞ்சினரேயன்றிச் சேதம் யாதுமில்லை. அவர் திரும்பிய பின்னர், வீட்டைப் பெரிதாக்குவதற்காக இடிதாங்கியைக் கீழே இறக்கினர். ஒன்பது அங்குல நீளமுள்ள அதன் செப்பு முனை ஏறத்தாழ முற்றும் உருகியிருப்பதைப் பிராங்கிளின் தம் கண்ணாற் கண்டார். கம்பி இடியைத் தடுக்கவில்லை, தானே தாங்கியிருந்தது. அதனை நண்பர் ஒருவர்க்கு 1787இல் மகிழ்ச்சியுடன் எழுதினார். 1790ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், அந்நகரிலேயே அவர் இயற்கை எய்தினார்.