சந்திரசேகர் கண்ட எல்லை

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனாகிய வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அப்பயணத்திலேயே கணித்தறிந்தார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும் என்பது இன்றைய கணக்கு.

1935இல் இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் அதனை விளக்கியபோது, பேரறிஞர் எடிங்டன் அவையோர் நகைக்குமாறு மறுத்துரைத்தார். 24 வயது இளைஞரான சந்திரசேகர் தம் முடிவிலிருந்து விலகவில்லை.

துணை விண்மீனின் பொருளை ஈர்த்து அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீன், தன்னுள் கார்பன் அணுக்கருக்கள் கட்டின்றி இணைவதால் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறும். இப்பிற்கால விளக்கத்துக்கு அவருடைய கணிப்பே அடித்தளமாயிற்று. 1983இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1995இல் மறைந்தார். அவ்வெல்லை சந்திரசேகர் எல்லை என்றே உலகெங்கும் வழங்கப்படுகிறது.