ஒரு பங்கு கேட்ட குரல்

எம்மா லாஜூனெஸ் 1847இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சாம்ப்ளி என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். திரு இருதய சபைக் கன்னியர் மடத்தில் பயின்றபோது துறவியாக விரும்பினார். ஆனால் மடத்துத் தலைவி, இறைவன் தந்த குரலை உலகிற்கு வழங்கும்படி அவரை ஊக்கப்படுத்தினார்.

ஐரோப்பாவில் இசை பயில மான்றியலில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. அமெரிக்காவின் அல்பனி நகரில் குடியேறி, புனித யோசேப்பு ஆலயத்தில் பாடினார், ஆர்கன் வாசித்தார். அப்பங்கு மக்களே அவருக்குக் கைகொடுத்தார்கள்.

எம்மா அல்பானி என்ற பெயரில், 1872 முதல் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் புகழ்பெற்றார். 1901இல் விக்டோரியா அரசியின் இறுதிச் சடங்கின்போது பாடினார். முதுமையில் வறுமை வாட்டியது. 1925இல் மான்றியல் மக்கள் இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டி அனுப்பினார்கள். 1930இல் லண்டனில் காலமானார்.

நம் பாடகர் குழுவின் பின்வரிசையில் நிற்கும் பிள்ளையின் குரல் நம் காதில் விழுகிறதா?