15 நாளுக்கு ஒரு லெட்டர்... 16 வருஷம் விடாம எழுதிய பிரதமர்!

பழங்காநத்தம் ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நிற்கிறீங்க. கையில் போன், வாட்ஸ்அப்பில் படிக்காத மெசேஜ் நூறு. நீங்க கடைசியா ஒரு முழுப் பக்கத்துக்கு யாருக்காவது லெட்டர் எழுதியது எப்போ? ஸ்கூல் லீவ் லெட்டரைச் சேர்க்கக் கூடாது!

அதே பஸ்ஸில் பெரியார், கோரிப்பாளையம் தாண்டி தமுக்கத்தில் இறங்கினா காந்தி மியூசியம். 1959 ஏப்ரல் 15-ல் அதைத் திறந்துவெச்சவர் ஜவஹர்லால் நேரு. ரோஜா, குழந்தைகள் தினம்னு நமக்குத் தெரிஞ்ச அதே நேருதான். ஆனா, அந்த மனுஷனோட நிஜமான பழக்கம் லெட்டர் எழுதுறது.

1889-ல் அலகாபாத்தில் பிறந்தவர். 15 வயசில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனதும், அப்பா மோதிலாலோட பேச்செல்லாம் கப்பல் தபால்லதான். ஏழு வருஷம் கழிச்சு ஊர் திரும்பினார். அப்புறம் சுதந்திரப் போராட்டம், மொத்தமா ஒன்பது வருஷத்துக்குப் பக்கமா சிறை.

1928-ல் முசூரியில் இருந்த பத்து வயசு மகள் இந்திராவுக்கு, பூமி எப்படி உருவாச்சு என்பதில் ஆரம்பிச்சு 30 கடிதங்கள் எழுதினார். 1930-லிருந்து 1933 வரை சிறையிலிருந்து உலக வரலாற்றையே 196 கடிதங்களா எழுதினார். கூகுளை விடுங்க, பக்கத்தில் ஒரு லைப்ரரிகூட கிடையாது. படிச்சப்போ எடுத்த குறிப்புகளும் ஞாபகமும்தான்.

பிரதமரானதும் இந்தப் பழக்கம் நாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பிச்சது. 1947 அக்டோபர் 15-ல் எல்லா மாகாணத் தலைவர்களுக்கும் முதல் கடிதம் போனது. சென்னை மாகாணத்துக்கு அப்போ ஓமந்தூரார். பிரிவினைக் கலவரம் எரிஞ்சுக்கிட்டிருந்த நேரம் அது. பாகிஸ்தானில் என்ன நடந்தாலும் சரி, இங்கே இருக்கிற முஸ்லிம்களைச் சமமான குடிமக்களா நடத்தியே ஆகணும்னு அதில் அழுத்தமா எழுதினார்.

இனி 15 நாளுக்கு ஒருமுறை எழுதுறதுன்னு முடிவு. பகல் முழுக்க மீட்டிங், ஃபைல். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து டிக்டேட் பண்ணுவார், பல நாள் நள்ளிரவு தாண்டிடும். அரிசித் தட்டுப்பாடு, ஐந்தாண்டுத் திட்டம், காஷ்மீர், மொழிவாரி மாநிலம், வெளிநாட்டுல பார்த்தது எல்லாம் வரும். கடைசி வருஷங்களில் இடைவெளி விழுந்தாலும் மொத்தம் கிட்டத்தட்ட 400 கடிதங்கள். பின்னாளில் ஐந்து தொகுதிகளா புத்தகமாச்சு.

புதுசா பிறந்த நாட்டில் இது சகஜம்தான். அமெரிக்காவின் ஆரம்பக் காலத்திலும் தலைவர்கள் லெட்டர்லதான் சண்டை போட்டாங்க, சமாதானம் ஆனாங்க. தேர்தல் பகையில் பேச்சை நிறுத்தின ஜான் ஆடம்ஸும் ஜெபர்சனும் 1812-ல் திரும்ப எழுத ஆரம்பிச்சு, 1826-ல் ஒரே நாளில் சாகும் வரை எழுதினாங்க.

நேரு எழுதினதெல்லாம் சரின்னு சொல்ல வரலை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் ரத்து செய்தப்போ, 1951-ல் அரசியலமைப்பில் முதல் திருத்தம் கொண்டுவந்தவர் அவர்தான். அதே நேரு 1961 ஜூனில் முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில், சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு தனக்குப் பிடிக்கலைன்னு எழுதினார். வேலையில் தரம் குறைஞ்சிடும்னு அவருக்குப் பயம். தமிழ்நாட்டு அனுபவம் அப்படிச் சொல்லலை. அந்தக் கடிதம் வந்தப்போ கோட்டையில் இருந்தவர் நம்ம விருதுநகர் காமராஜர். இங்கே இடஒதுக்கீடு அது பாட்டுக்குத் தொடர்ந்துச்சு. பிரதமர் கருத்தைச் சொல்வார், முதல்வர் தன் வழியில் போவார். எனக்கு இந்தக் கடிதங்களில் பிடிச்ச விஷயமே இதுதான்.

ஒரு தடவை மட்டும் யாருக்கும் சொல்லாம எழுதினார். சீனப் படை உள்ளே வந்துக்கிட்டிருந்த 1962 நவம்பர் 19-ல், அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள். எந்த அணியிலும் சேர மாட்டோம்னு ஊருக்கெல்லாம் சொன்னவர், போர் விமானங்கள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார். பல வருஷம் அது வெளியே வரவே இல்லை.

அப்புறம் உடம்பு தளர்ந்துபோச்சு. 1963 அக்டோபர் 2-ல் கட்சி வேலைக்காக காமராஜர் பதவி விலகினார். அதனால டிசம்பரில் நேரு எழுதின கடைசிக் கடிதம் கோட்டையில் பக்தவத்சலத்துக்குப் போனது. ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நேருவுக்குப் பக்கவாதம். மே 27-ல் இறந்தார்.