சம்பளம் வாங்காத பாட்டு வாத்தியார்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். ஆண்டு 1837.

பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கப் பணம் இல்லை என்று நகரசபை கைவிரித்துவிட்டது. பாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது என்று பலர் நினைத்த காலம் அது.

லோவெல் மேசன் அதை ஒப்பவில்லை. 1792-ல் பிறந்த அவர், முன்பு பாங்கி குமாஸ்தாவாக இருந்தவர். ஹாவ்ஸ் பள்ளியில் ஓராண்டு இலவசமாகவே கற்றுக் கொடுத்தார். புத்தகச் செலவும் அவருடையதே!

எடுத்த உடனே சுரக் குறிகளை எழுதிப் போடவில்லை. முதலில் பிள்ளைகளைக் கேட்கச் செய்தார். பிறகு பாடச் செய்தார். பாட வந்த பின்பே குறிகளைக் காட்டினார்.

1838 ஆகஸ்டில் பிள்ளைகள் ஊரார் முன் பாடினார்கள். அதே மாதம் பாட்டும் பள்ளிப் பாடமாயிற்று. ஆசிரியர் வேலை மேசனுக்கே கிடைத்தது.

1872-ல் அவர் காலமானார். இன்று அமெரிக்கப் பள்ளிகளில் குழல் ஊதி, மேளம் கொட்டிப் பழகும் சிறுவர்களுக்கு அன்றே கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான்.