ஓலே எவின்ரூடு

ஏரியிலும் ஆற்றிலும் கடலோரத்திலும் சிறு படகு செலுத்துவோர் நெடுங்காலம் தம் தோள்வலியையும் காற்றின் தயவையுமே நம்பியிருந்தனர். நீராவிப் பொறிகள் பெருங்கப்பல்களைச் செலுத்தத் தொடங்கிய பின்னரும் ஏழை மீனவனின் படகு துடுப்பினாலேயே நகர்ந்தது. படகினுள் பொறியை நிலையாகப் பொருத்தினால் பாரமும் செலவும் மிகும். பொறியைப் படகின் பின்புறப் பலகையில் வெளியே மாட்டி, வேண்டாதபோது கழற்றித் தூக்கிச் செல்லலாம் என்னும் எண்ணம் சிலர்க்கு முன்னரே தோன்றியதுண்டு. ஆயினும், அவுட்போர்டு எஞ்சின் என்று இன்று மீனவர் வழங்கும் அப்பொறியை, எளிய மக்கள் நம்பி வாங்கத்தக்க பொருளாக்கியவர் ஓலே எவின்ரூடு ஆவார்.

அவர் 1877-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாய் இருக்கும்போதே குடும்பத்தார் கடல் கடந்து அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்லி ஏரியை அடுத்த கேம்பிரிட்ஜ் என்னும் ஊரருகே உழுதொழில் செய்து வாழ்ந்தனர். உழவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் நெடுநாள் இருக்க வாய்க்கவில்லை. பழுதுற்ற பண்ணைக் கருவிகளைப் பிரித்துச் செப்பனிடுவதே ஓலேயின் கல்வியாயிற்று. ஏரியில் மிதக்கவிட அவர் ஒரு படகு செய்யத் தொடங்கினார் என்றும், தந்தையார் அதனை வீண்வேலை என வெகுண்டு அழித்தார் என்றும், மகன் சளையாது மறைவாக மற்றொன்று செய்து முடித்தார் என்றும் கூறுவர்.

16-ஆம் வயதில் அவர் வீட்டை விட்டு மாடிசன் நகர்க்குச் சென்று பட்டறைத் தொழிலாளியானார். பின்னர்ப் பிட்ஸ்பர்க், சிகாகோ, மில்வாக்கி ஆகிய நகரங்களில் உழைத்தார். வார்ப்படத்திற்கு வேண்டும் மர மாதிரிகளைச் செதுக்குவதில் வல்லவரானார். பகலெல்லாம் பட்டறையிலும் இரவெல்லாம் கணக்கு நூல்களோடும் கழிந்தன. எஞ்சின் செய்து விற்கும் தொழிலைக் கூட்டாளிகளோடு தொடங்கியும் பார்த்தார், அம்முயற்சிகள் நிலைக்கவில்லை. கை தேர்ந்த அவர்க்குக் கணக்கு வழக்கும் கடிதப் போக்குவரத்தும் கைவரவில்லை. அக்குறையை நிறைவு செய்தவர் பெஸ் கேரி என்னும் நங்கை. அவர் 1906-ஆம் ஆண்டில் எவின்ரூடின் மனைவியானார்.

படகுப் பொறி பிறந்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் சொல்வதுண்டு. ஒரு கோடை நாளில் நண்பர் பலர் ஒக்காச்சி ஏரியின் நடுவிலிருந்த தீவில் விருந்தயர்ந்தனர். பெஸ் ஐஸ்கிரீம் உண்ண விரும்பினார். ஓலே துடுப்பு வலித்துக் கரைக்குச் சென்று அதனை வாங்கித் திரும்பினார். எதிர்க்காற்றில் வலித்து வந்து சேர்ந்தபோது ஐஸ்கிரீம் உருகிவிட்டிருந்தது. வியர்வையில் நனைந்த அவர் உள்ளத்தில் அன்றே அவ்வெண்ணம் வேர்கொண்டதாம். கதை எவ்வாறாயினும், 1907-ஆம் ஆண்டில் முதற்பொறி உருவாயிற்று. 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அது 62 பவுண்டு எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் உடையது. மேலே ஒரு சுழற்சக்கரம். அதிலிருந்து நீருக்குள் இறங்கும் ஒரு தண்டு. தண்டின் அடியில் பற்சக்கரங்கள். அவற்றால் சுழலும் விசிறி. இதுவே அதன் அமைப்பு. முதன்முதல் அதனைக் கண்ட பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் பொறி போலிருப்பதாக எள்ளி நகைத்தார். ஆயினும் விளம்பரம் எழுதி, வந்த கடிதங்களுக்கு விடை விடுத்து, தொழிலைத் தழைக்கச் செய்தவர் அவரே. ஸ்காண்டிநேவிய நாடுகளின் மீனவரும் அப்பொறியை விரும்பி வாங்கினர்.

உழைப்பின் மிகுதியால் பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. தொழிலா, துணைவியா என்னும் நிலை வந்தபோது எவின்ரூடு தயங்கினாரல்லர். தம் பங்கினைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டார். ஐந்தாண்டுக் காலம் படகுப் பொறித் தொழிலில் ஈடுபடுவதில்லை என்றும் உடன்பட்டார். மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வந்தார். கைகள் ஓய்ந்தனவேயன்றிச் சிந்தனை ஓயவில்லை. தவணை முடிந்ததும் அலுமினியத்தை மிகுதியாகக் கையாண்ட, 3 குதிரைத்திறனும் 48 பவுண்டே எடையும் உள்ள ஒரு பொறியை வரைந்து பழைய கூட்டாளியிடம் காட்டினார். அவரோ அதனை ஏற்க மறுத்தார். எவின்ரூடு என்னும் பெயரோ விற்ற நிறுவனத்தின் உடைமையாகிவிட்டது. ஆகவே கணவனும் மனைவியும் எல்டோ என்னும் புதுப்பெயரில் தொழில் தொடங்கி, தம் பெயர் தாங்கிய பொறியோடு தாமே போட்டியிட்டனர்!

அலுமினியம் பொறியை இலேசாக்கியது. பட்டறைக்காரர்க்குப் புதிய வேலையையும் தந்தது. பிற்காலப் பொறிகள் பெரும்பாலானவற்றில் விசிறிக்குக் கீழே மீன்செதில் போன்ற ஒரு தகடு நீண்டிருக்கும். அதனை ஸ்கெக் என்பர். படகு நேராகச் செல்லத் துணைபுரிவதும், பாறையோ மணல்திட்டோ மோதுங்கால் முதல் அடியைத் தான் தாங்கி விசிறியைக் காப்பதும் அதன் தொழில். அடிபட்டு வளைந்தால் படகு ஒருபுறம் இழுக்கும். சிறு வளைவாயின் தொடாது விடுதலே நலம். வார்ப்பு அலுமினியம் குளிர்ந்த நிலையில் சம்மட்டி அடி பொறுக்காது விரிசல் விடும். நிமிர்த்தியே ஆகவேண்டுமாயின், விசிறியைக் கழற்றித் தண்டு வளைந்துள்ளதா என முதலில் பார்ப்பர். பற்சக்கரப் பெட்டியின் மேல் ஈரத்துணி சுற்றுவர். அனல் ஏறினால் அதனுள்ளிருக்கும் எண்ணெய்த் தடுப்புகள் கெடும். இரும்பைப் போல அலுமினியம் சிவந்து எச்சரிப்பதில்லை. நிறம் மாறாமலே உருகிவிடும். எனவே தேர்ந்த கொல்லர் அதன்மேல் சவுக்காரத்தால் கோடிட்டு, கோடு கருக்கும் அளவே சூடேற்றி, மரக்கட்டைகளுக்கிடையே வைத்துச் சிறிது சிறிதாக அழுத்தி நிமிர்த்துவர். ஒடிந்துபோயின், பற்றவைத்து அராவி வடிவம் தருவர்.

எல்டோவின் வெற்றி பழைய நிறுவனத்தையும் பணியச் செய்தது. 1929-ஆம் ஆண்டில் எல்டோ, எவின்ரூடு, லாக்வுட் ஆகிய மூன்றும் ஒன்றாயின; ஓலே அதன் தலைவரானார். இழந்த பெயர் மீண்டும் கைக்கு வந்தது. ஆனால் அவ்வாண்டே பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. 1933-ஆம் ஆண்டில் பெஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், தம் 57-ஆம் வயதில், எவின்ரூடும் மில்வாக்கி நகரில் உயிர்நீத்தார். அவர் மகன் ரால்ப் தொழிலை ஏற்று நடத்தினார். எவின்ரூடு என்னும் பெயர் பல கைகள் மாறி, 2020-ஆம் ஆண்டு வரை படகுகளின் பின்புறத்தே விளங்கிற்று.