ஜேன் ஆஸ்டின்: 10 பவுண்டு நோட்டில் இருப்பது உண்மையிலேயே அவர் முகமா?

2000-ல் வெளியான 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் ஞாபகம் இருக்கா? தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்கா தங்கையாக வந்த அந்தப் படத்தின் மூலக்கதை, ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல். கதை நமக்கு நல்லாவே தெரியும். எழுதியவரின் முகம்தான் இன்றுவரை சந்தேகத்தில் இருக்கிறது.

ஏன் சரியான படம் இல்லை?

ஜேன் 1775-ல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தார். 1811-ல் முதல் நாவல் வந்தபோது அட்டையில் பெயரே இல்லை. எழுதியது ஒரு பெண் என்று மட்டும் இருந்தது. உயிரோடு இருந்தவரை வெளியான 4 நாவல்களிலும் இதே கதைதான். 1817-ல், 41 வயதில் இறந்த பிறகுதான் அண்ணன் ஹென்றி பெயரை அச்சில் வெளியிட்டார். கேமரா இல்லாத காலம். பெயரே தெரியாத எழுத்தாளரை யார் உட்காரவைத்து வரைவார்கள்?

அக்கா வரைந்த படம்

அக்கா கசாண்ட்ரா 1810 வாக்கில் பென்சிலும் வாட்டர்கலரும் கொண்டு வரைந்ததாகக் கருதப்படும் சின்னப் படம், லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது. இறுக்கிய உதடு, கட்டிய கைகள், கொஞ்சம் எரிச்சலான பார்வை. முழுசா முடிக்கப்படவும் இல்லை. இது அத்தை மாதிரியே இல்லை என்று அண்ணன் மகள் அன்னாவே பின்னாளில் எழுதினார்.

அப்போ நோட்டில் இருப்பது?

ஜேன் இறந்து 50 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அண்ணன் மகன் ஒருவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்தப் புத்தகத்துக்காக ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்ற ஓவியர், கசாண்ட்ராவின் படத்தைப் பார்த்து 1869-ல் புதுசாக வரைந்தார். கண்கள் பெரிதாகின, கன்னம் உருண்டது, எரிச்சல் காணாமல் போனது. இன்றைய பியூட்டி ஃபில்டர் செய்யும் அதே வேலை! 2017-ல் வந்த 10 பவுண்டு நோட்டில் இருப்பது இந்த முகத்தின் வழிவந்ததுதான்.

சிறுமி படம் யாருடையது?

வெள்ளை கவுன், கையில் குடையுடன் ஒரு சிறுமி நிற்கும் 'ரைஸ் போர்ட்ரெய்ட்' இன்னொரு சர்ச்சை. 1788 வாக்கில் வரையப்பட்ட, 12, 13 வயது ஜேன்தான் இது என்பது அதை வைத்திருந்த குடும்பத்தின் வாதம். ஆனால் அந்த கவுனின் ஸ்டைல் 1800-க்குப் பிறகு வந்தது என்பது சந்தேகப்படுபவர்களின் பதில். அப்படியானால் ஜேனுக்கு அப்போது 25-ஐத் தாண்டியிருக்கும். படத்தில் இருப்பது வேறு யாரோ. 2007-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது படம் விலைபோகவில்லை.

சந்தேகம் குறைவான படம்

ஒன்று இருக்கிறது. 1804-ல் கசாண்ட்ரா வரைந்து, தன் பெயரின் முதல் எழுத்துகளும் போட்ட வாட்டர்கலர் அது. நீல உடையும் தொப்பியுமாக ஜேன் வெளியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால், நமக்கு முதுகைக் காட்டியபடி.